எவர்சில்வர் டம்ளரும் பேப்பர் கப்பும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்க வயலில் நடவு. பதினோரு மணி டீயை வரப்புக்கு எடுத்துட்டுப் போகும்போது மகளும் கூட வந்தாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்களை அவளே கூடையில் அடுக்கி எடுத்துக்கிட்டாள். பக்கத்து வயல்காரர், எனக்குப் பங்காளி முறை, கூடையைப் பார்த்துட்டு, "ஏம்ப்பா, பேப்பர் கப் வாங்கலையா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "ஏன் பெரியப்பா, நீங்க வீட்டுக்கு வந்தா இதுலதானே குடிக்கிறீங்க?" என்றாள்.

அவர் சிரித்து மழுப்பினார். கூடச் சேர்ந்து நானும் சிரிச்சேன். அதுதான் உறுத்துது.

இதில் என்ன இருக்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். நாங்கள் ஊர்த்தெரு, நடவுக்கு வருபவர்கள் காலனித்தெரு. அப்பா காலத்தில் எங்க மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் ரெண்டு அலுமினிய டம்ளர் செருகி இருக்கும். காலனி ஆட்களுக்கு அதில்தான் டீ. குடிச்சு, கழுவி, அவங்களே திரும்பச் செருகணும். டீக்கடையிலும் தனி டம்ளர்தான். இப்போ எல்லாருக்கும் பேப்பர் கப். சுத்தம், சௌகரியம், யாரும் குறை சொல்லவும் முடியாது. ஒருத்தர் மனசும் மாறாமலேயே டம்ளர் பிரச்சினை தீர்ந்துபோச்சு!

எனக்கு ஏர் பிடிக்கக் கத்துக்கொடுத்தவருக்கு இப்போ எழுபது வயசு. அன்னிக்கும் நாத்துக்கட்டு தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தார். பத்து வயசுப் பையனா அவரைப் பேர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிட்டிருக்கேன். பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமை பற்றிப் போட்டிருந்த மூணு வரியும் எனக்கு மனப்பாடம். சாயந்தரம் வீட்டுக்கு வந்தா மறுபடி வா போ. யாரும் திருத்தலை. என் மகளுக்கு அவர் 'தாத்தா'. அப்படிக் கூப்பிடப் பழக்கியதற்கு என் அம்மா ரெண்டு நாள் என்னோடு பேசலை.

2023-ல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும், கூடப் படிச்ச பசங்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்கப்புறம் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதிக்கயிறு கட்டக்கூடாது என்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. நல்லதுதான். கயிறைப் பள்ளிக்கூட வாசலில் கழட்டச் சொல்லலாம். ராத்திரி சாப்பிடும்போது நாம என்ன பேசுறோம் என்பதை எந்தக் குழு வந்து பார்க்கும்?

கிராமத்துக் கதை என்று தள்ளிடாதீங்க. உங்க வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவுக்கு எந்த டம்ளரில் காபி கொடுக்கிறீங்க? உங்க பிள்ளையைக் கேட்டுப் பாருங்க, சரியாச் சொல்லும்.

அன்னிக்கு ராத்திரி மகள் கேட்டாள், "நான் பேசினது தப்பாப்பா?" இல்லை என்றேன்.

"அப்ப நீங்க ஏன் சிரிச்சீங்க?"

இன்னும் இருபது நாளில் களையெடுப்பு. பங்காளியும் அங்கேதான் இருப்பார். கூடையை இந்தத் தடவை நானே தூக்கிட்டுப் போறதா இருக்கேன்.