வானத்திலிருந்து பார்த்தால் மட்டும் போதுமா?

மாசி, பங்குனி வந்தால் பழனி மலையில் எங்காவது காடு எரியும். புகை கண்ணுக்குத் தெரியும். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடு தெரியாது, நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக் குளிர்காய்பவர்களைத் தூக்கத்திலேயே கொண்டுபோவதும் இதே வாயுதான்.

அகச்சிவப்பு ஒளியில் சில அலைநீளங்களை இது விழுங்கும். அதை வைத்தே செயற்கைக்கோள்கள் இதை அளக்கின்றன. 1999 டிசம்பரில் ஏவிய டெர்ராவில் 'மொபிட்' என்ற கனடா நாட்டுக் கருவி இருந்தது. 2017-இல் போன சென்டினல்-5பி-யில் 'டிரோபோமி' இருக்கிறது. இந்த வாயு காற்றில் ஓரிரு மாதம் தங்கும் என்பதால், எங்கோ எரிந்ததும் நம் மலைமேல் வந்து சேரும். நம்முடையது எவ்வளவு, வெளியிலிருந்து வந்தது எவ்வளவு என்று பிரிக்கத்தான் கணினி மாதிரிகள். தீ எங்கே, காற்று எந்தப் பக்கம் என்று கொடுத்தால் கணக்குப் போட்டுச் சொல்லும்.

பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் டிரோபோமியின் ஒரு கட்டம் சுமார் 7 கிலோமீட்டருக்கு 5.5 கிலோமீட்டர். கொடைக்கானல் ஏரி, கடைத்தெரு, பக்கத்துச் சரிவு எல்லாம் அதற்கு ஏறக்குறைய ஒரே புள்ளி. அதுவும் தரையிலிருந்து வானுச்சி வரை சேர்த்த மொத்தக் கணக்கு. பூம்பாறையில் ஒரு பாட்டி மூச்சில் எவ்வளவு போகிறது, தீயணைக்கப் போன வனக்காவலர் எவ்வளவு சுவாசித்தார் என்பதை அது சொல்லாது.

ஆகவே தீக்காலத்தில் மலைக்கிராமங்களில் தரைக் கருவிகள் வேண்டும்; அன்றன்றைய அளவைத் தமிழில் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். மாதிரியின் கணக்கு சரியா என்று பார்க்கவும் அந்த எண்கள் உதவும். 1899-இல் சூரியனைப் பார்க்க ஆய்வகம் வைத்த மலை இது. நாம் சுவாசிக்கும் காற்றையும் இங்கே அளக்கச் சொல்வது பெரிய கோரிக்கையா என்ன?