காளான் கொட்டகைக்கு எத்தனை இன்ச் ஃபேன்?

வைக்கோலுக்குப் பஞ்சமில்லாத ஊர் நம்ம ஊர். அதை வச்சு வீட்டு ஓரமா சிப்பிக்காளான் போடலாம்னு கிளம்புறவங்க என்கிட்ட கேக்குற முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கட்டும்?" என்கிறதுதான். இந்தக் கேள்வியே தலைகீழ்னு நான் சொல்வேன். முதல்ல கொட்டகையை அளக்கணும், அப்புறம்தான் கடைக்குப் போகணும். மகளிர் குழுவுல கடன் வாங்கித் தொழில் தொடங்குறவங்களுக்கு ஆயிரம் ரூபாயும் பெரிய காசுதான்.

ஃபேன் எதுக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கங்க. காளானும் நம்மள மாதிரி மூச்சு விடும். வெளிக்காத்துல கரியமில வாயு பத்து லட்சத்துல 420 பங்கு வாக்குல இருக்கு. அடைச்ச கொட்டகைக்குள்ள அது 1000-த்தைத் தாண்டிப் போகப் போக காம்பு நீண்டுக்கிட்டே போகும், குடை விரியாது. அந்தக் காளானை யாவாரி கையில எடுத்துப் பார்த்துட்டுக் கீழே வச்சிடுவார். வித்து பரவுற அறைக்கு இவ்வளவு காத்து தேவையில்லை. மொட்டு விட்டு அறுவடை பண்ற அறைக்குத்தான் இந்தக் கவலையெல்லாம்.

இப்ப கணக்கு. 20 அடி நீளம், 10 அடி அகலம், 8 அடி உயரம்னு வச்சா 1600 கன அடி, அதாவது சுமார் 45 கன மீட்டர். மணிக்கு ஆறு தடவை காத்து மாறணும்னா 270 கன மீட்டர் போதும். பூச்சி வலை, ஈரச்சாக்கு எல்லாம் காத்தைத் தடுக்கும்கிறதால அதை இரட்டிப்பா 540-னு வச்சுக்கங்க. ஃபேன் பெட்டியில மணிக்கு எத்தனை கன மீட்டர் காத்து தள்ளும்னு போட்டிருக்கும், அதைப் படிச்சுப் பார்த்து வாங்குங்க. 12 இன்ச் ஃபேன் பெரும்பாலும் 1000-க்கு மேல தள்ளும். இந்த அளவு கொட்டகையில அதை விடாம ஓட்டினா மணிக்கு இருபது தடவைக்கு மேல காத்து மாறி, மொட்டெல்லாம் காஞ்சு கருகிடும். காளானுக்கு 80லிருந்து 90 சதவீதம் ஈரப்பதம் வேணும். "பெருசா வாங்கிட்டா கவலையில்லை"ன்னு கடைக்காரர் சொல்றது அவர் யாவாரத்துக்குத்தான் நல்லது. நடுத்தர ஃபேனும், விட்டு விட்டு ஓட ஒரு டைமரும் இருந்தா போதும்.

ஃபேனைவிட முக்கியம் காத்து உள்ள வர்ற வழி. எதிர்ச்சுவத்துல, தரையை ஒட்டி, ஃபேன் ஓட்டையைப் போல இரண்டு மடங்கு திறப்பு விட்டு வலை அடிங்க. வழியில்லாம ஃபேன் மட்டும் மாட்டினா அது சும்மா சுத்தும், காத்து மாறாது. எப்பவும் ஈரத்துலயே ஓடுறதால பிளாஸ்டிக் இறக்கை உள்ளதா வாங்குங்க, துரு பிடிக்காது. ஃபேன் வாயை வீட்டுத் திண்ணைப் பக்கம் வைக்காதீங்க. சிப்பிக்காளான் வித்துத்தூள் சிலருக்கு இருமல், மூச்சுத்திணறல் கொண்டு வரும்.

ஃபேன் கொட்டகையைக் குளுமையாக்கும்னு யாரும் நம்ப வேண்டாம். வெளியில என்ன காத்தோ அதைத்தான் அது உள்ளே இழுக்கும். சித்திரை வெயில்ல 38 டிகிரி அனல் காத்தைத்தான் இழுக்கும். அந்த மாசங்கள்ல சிப்பியை விட்டுட்டு, 30லிருந்து 35 டிகிரி தாங்குற பால்காளானுக்கு மாறுறதுதான் புத்திசாலித்தனம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல வெளியிட்ட ஏ.பி.கே. 2 ரகம் அப்படிப்பட்டதுதான். ஐப்பசி, கார்த்திகையில காத்துலயே தண்ணி நிக்கும். அப்ப தண்ணி தெளிக்கிறதைக் குறைச்சு, ஃபேனைக் கொஞ்சம் கூடுதலா ஓட்டணும். இல்லாட்டி படுக்கையில பாக்டீரியா அழுகல் வந்துடும்.

கடைசியா ஒண்ணு, கரண்ட். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை பக்கமெல்லாம் பல நாள் இருட்டுல கிடந்தது நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு மறக்காது. மின்சாரத்தை மட்டும் நம்பி நாலு பக்கமும் அடைச்ச கொட்டகை அன்னிக்கு என்ன ஆகும்? கூரை மோட்டுக்கு அடியில கையால திறந்து மூடுற ஜன்னல் ரெண்டு வச்சுடுங்க. கீற்றுக்கூரையா இருந்தா இன்னும் நல்லது. முதல்ல ரெண்டு அறுவடை ஜன்னல்லயே எடுத்துப் பாருங்க. காம்பு நீண்டு வந்தா அப்புறம் ஃபேன் வாங்கிக்கலாம். அதுவரை அந்தக் காசு வித்துக்கும் வைக்கோலுக்கும் உதவும்.