நம் வீட்டுக் கதவு திறந்திருக்குமா?

சாங்கி கடற்கரையில் வார இறுதியில் கூடாரம் போட்டுக் கோழி வாட்டும் குடும்பங்களுக்கு அருகிலேயே ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. 1942 பிப்ரவரி 20ஆம் தேதி 66 சீன ஆண்கள் அந்தக் கடலோரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டதை அது சொல்கிறது. சூக் சிங் களையெடுப்பில் முகமூடி அணிந்த உளவாளிகள் விரல் நீட்டியவர்கள் பலர் வீடு திரும்பவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் ஆன் ஃபிராங்க்கின் நாட்குறிப்பைப் படித்தபோது, ஒளித்துவைப்பதும் ஒளிந்திருப்பதும் ஐரோப்பாவில் நடந்த கதை என்றே நினைத்தேன். அவர் குடும்பத்தை ஈராண்டுக்கும் மேலாகக் காத்தவர்கள் அவர் தந்தையின் அலுவலக ஊழியர்கள். அப்படி யூதர்களைக் காப்பாற்றிய 28,000க்கும் மேற்பட்டோரை இஸ்ரேலின் யாட் வாஷெம் நிலையம் பெயர் சொல்லிக் கௌரவித்துள்ளது.

ஆனால் யூதர்கள் இங்கேயும் இருந்தார்கள். தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால், செலிகி சாலையும் மிடில் ரோடும் சந்திக்கும் முனையில் 1928இல் எழுந்த டேவிட் இலையாஸ் கட்டடத்தில் யூதர்களின் ஆறுமுனை நட்சத்திரத்தைக் காணலாம். அதைத் தாண்டித்தான் பலமுறை தோசை சாப்பிடப் போயிருக்கிறேன், அண்ணாந்து பார்த்ததில்லை. அவ்வட்டாரத்து யூதர்களில் பலர் 1943இல் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டனர்.

அந்தச் சிறைக்குள் உணவும் மருந்தும் பணமும் ரகசியமாகப் போகக் காரணமானவர்களில் எலிசபெத் சோய் ஒருவர். ஆசிரியரான அவரும் கணவரும் மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை ஒன்றை நடத்தி வந்தனர். 1943 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய கைது வேட்டையில் இருவருமே சிக்கினர். ஏறத்தாழ 200 நாள் சித்திரவதை. போருக்குப்பின், தம்மை வதைத்தவர்களுக்கு மரண தண்டனை கேட்க அவர் மறுத்துவிட்டார்.

தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. பேராக் மாநிலத்துப் பாப்பான் சிற்றூரில், இலங்கைத் தமிழ் வம்சாவளி மருத்துவர் கதிகாசுவும் அவர் மனைவி சிபிலும், காயமடைந்த கொரில்லாப் போராளிகளுக்கு ஒளிவுமறைவாகச் சிகிச்சை அளித்தனர். தடைசெய்யப்பட்ட வானொலியை வீட்டில் வைத்து பிபிசி செய்தியும் கேட்டனர். 1943இல் பிடிபட்டனர். சிபிலின் வாயைத் திறக்கவைக்க, அவருடைய சின்ன மகளை மரத்தில் தொங்கவிட்டுக் கீழே தீ மூட்டினார்கள். அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காயங்கள் ஆறாமலே 1948இல் இறந்தார். ஈப்போவில் அடக்கம் செய்யப்பட்ட அவரை நம் இளையர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. சேலை கட்டி, பூ வைத்து, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசும் சீனப் பாட்டிகளை நாம் பார்த்திருக்கிறோம். வறுமையாலும் போர் அச்சத்தாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண்குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் பல தம் பிள்ளைகளாகவே வளர்த்தன. அதைத் தியாகம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை, அதனாலோ என்னவோ எழுதியும் வைக்கவில்லை.

எல்லாரும் அப்படி இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. இந்திய தேசிய ராணுவத்தின் பொருட்டு ஜப்பானியர் இந்தியர்களிடம் ஓரளவு நயமாக நடந்துகொண்டனர். அதே ஜப்பானியர்தான் சயாம் மரண ரயில் பாதையில் ஆயிரக்கணக்கான தமிழர்களைப் பலிகொண்டனர். அண்டை வீட்டுச் சீனர் கதவைத் தட்டியபோது, அந்தச் சிறு சலுகையை நம்மவர் எதற்குப் பயன்படுத்தினர்? திறந்தவர்களும் இருப்பர், தாழிட்டவர்களும் இருப்பர். இரண்டையும் கேட்க வேண்டும்.

ஆண்டுதோறும் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு தினத்தையொட்டிப் பள்ளியில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டோம். பசியைப் பற்றிப் பேசினோம், இந்தக் கேள்வியைத் தொடவில்லை. 1942இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டனர்.

தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்து வருகிறது. அதை மட்டும் நம்பி இருக்கலாகாது. பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் மேடை நாடகத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை பார்க்கின்றன (நானும்தான்). அதில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கலாம். கைப்பேசி போதும். “போர்க்காலத்தில் நம் வீட்டில் யாராவது வந்து தங்கினார்களா பாட்டி?” என்று தொடங்கலாம்.