கரையாத பசளையால் பயிருக்குப் பயன் உண்டா?

மாவடிப்பள்ளி வட்டையில் போடியார் ஒருவர் என்னிடம் வினவினார்: "எப்பாவலைக் கல்லும் பொசுபேற்று, மும்மைச் சுப்பர் பொசுபேற்றும் பொசுபேற்று. கல்லோ விலை மலிவு. நம் நாட்டுப் பொருள். அதையே நெல்லுக்கு இட்டால் என்ன?"

நியாயமான வினாவே. ஆயினும், நெல்லுக்கும் மரக்கறிக்கும் அக்கல்லை இடுதல் வீண் செலவு என்பதே எனது துணிபு. அதற்குரிய காரணத்தைக் கமக்காரர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

அனுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இக்கனிமம் நம் நாட்டின் பெருஞ் செல்வமாகும். ஆனால் அதிலுள்ள பொசுபரசைக் கல்சியம் இறுகப் பற்றியுள்ளது. வேரோ நீரிற் கரைந்ததை மட்டுமே உறிஞ்சவல்லது. ஆகவே, மூடையில் எவ்வளவு பொசுபரசு உண்டு என்பதிலும், அதில் எவ்வளவு கரையும் என்பதே முக்கியமானது. இப்பிடியைத் தளர்த்துவது அமிலம். இங்கிலாந்தில் லோஸ் என்பார் பொசுபேற்றைச் சல்பூரிக் அமிலத்தாற் பதப்படுத்திச் சுப்பர் பொசுபேற்று ஆக்கும் முறைக்கு 1842 இல் உரிமம் பெற்றார். மும்மைச் சுப்பர் பொசுபேற்று, பொசுபோரிக் அமிலத்தைக் கொண்டு ஆக்கப்படுவது. அதிலுள்ள பொசுபரசின் பெரும்பகுதி நீரிற் கரையும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரு கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்து, ஒன்றில் கல் தூளையும் மற்றதில் மும்மைச் சுப்பர் பொசுபேற்றையும் ஒவ்வொரு கரண்டி இட்டுக் கலக்கி, ஓர் இரவு வையுங்கள். கல் தூள் இட்டபடியே அடியிற் கிடக்கும். மற்றதிற் சிறிது மண்டி தங்கினும் பெரும்பகுதி கரைந்துவிடும். பின்னர் வெற்றிலைச் சுண்ணாம்பை நீரிற் கரைத்துத் தெளியவிட்டு, அத்தெளிநீரில் இரண்டாங் குவளையின் தெளிவிற் சில துளிகளை விடுங்கள். நீர் உடனே வெண்மையாகக் கலங்கிப் பின் படியும். கரைந்திருந்த பொசுபரசைக் கல்சியம் மீண்டும் பிடித்துக்கொண்டது! விலை கொடுத்து வாங்கிய பசளை, நம் கண்முன்னே கல்லின் நிலைக்குத் திரும்புகின்றது.

புளிப்புள்ள மண்ணில் எப்பாவலைக் கல் மெல்லக் கரையும். ஆதலின் அத்தகைய மண்ணில் பல்லாண்டு நிற்கும் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அது ஏற்றது. நெல்லோ மூன்று, நான்கு மாதப் பயிர். மேலும், நீர் கட்டிய வயலில் மண்ணின் புளிப்பு சில வாரங்களிற் குறைந்து நடுநிலையை அணுகும். அங்கே கல் கரைவது எங்ஙனம்? கரையோரத்துச் சிப்பி கலந்த மணலிலும் இதே நிலைதான்.

ஆகவே கமக்காரர் செய்யவேண்டியவை இவை: மும்மைச் சுப்பர் பொசுபேற்றை அடிக்கட்டுப் பசளையாக இட்டு மண்ணுடன் கலத்தல் வேண்டும். சுண்ணாம்பு, டொலமைற்று, அடுப்புச் சாம்பல் ஆகியவற்றை அதனுடன் ஒருபோதும் கலத்தலாகாது. மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவையெனில் இரு கிழமைகளுக்கு முன்னரே இடுக. மண்ணைப் பரிசோதித்து, பொசுபரசு போதியளவு இருப்பின் அளவைக் குறைத்துக்கொள்க.

2021 ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே அத்தடை நீக்கப்பட்டது. பசளையின் அருமையை அக்காலம் நமக்கு நன்கு உணர்த்தியது. எப்பாவலைக் கல்லை அமிலத்தாற் பதப்படுத்தி, கரையும் பசளையாக நம் நாட்டிலேயே பெருமளவில் ஆக்குதல் வேண்டும் என்பது எனது விருப்பம். நாட்டுப் பொருளைப் போற்றும் வழி அதுவே. கரையாத தூளை வயலிற் கொட்டுதல் அன்று.

அடுத்த பெரும்போகத்திற்குப் பசளை வாங்குமுன், கமக்காரர்களே, அந்தக் குவளைச் சோதனையை ஒருமுறை செய்து பாருங்கள்.