எல்லாத்தையும் குளவி எண்டு கூப்பிட்டால்

அரியாலையில எங்கட பக்கம் குளவிக்கூட்டுக்கு ஒரே வைத்தியம்தான். நீளத் தடியில துணியைச் சுத்தி, மண்ணெண்ணெய் ஊத்தி, பந்தம். கூடு எரிஞ்சு விழும். சில நேரம் அதோட வடலியும் பக்கத்துக் கிடுகு வேலியும் எரியும். தப்பின குளவி கோபத்தோட அடுத்த வளவுக்குள்ள போகும். கொழுத்தின பெடியனுக்கு ஒரு கிழமைக்கு நல்ல பேர்.

இந்தப் பழக்கம் போகவேண்டும் என்பதுதான் என் கட்சி. "பூச்சியும் ஓர் உயிர்தானே" என்று உருகுவதற்காகச் சொல்லவில்லை. எதைக் கொழுத்துகிறோம் என்றே தெரியாமல் கொழுத்துகிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"குளவி" என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு பூச்சியை அடைத்து வைத்திருக்கிறோம். முதலாவது, சுவர் மூலையிலும் யன்னல் நிலையிலும் மண் குழைத்துக் கூடு கட்டுகிற மண்குளவி. இது கட்டினால் வீட்டில பிள்ளை பிறக்கும் எண்டு ஆச்சிமார் சொல்லுவினம். இது தனி ஆள். கூட்டத்தைக் கூட்டிவந்து எவரையும் கலைக்காது. கையால பிடிச்சு நசுக்கினால் ஒழியக் கொட்டுவது அருமை. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப்போலக் குளவியாக்கும் என்ற பழைய நம்பிக்கையும் இதைப் பற்றியதுதான். உண்மையில் நடப்பது வேறு. மயிர்க்கொட்டியையோ சிலந்தியையோ கொட்டி, சாகவிடாமல் மரத்துப்போகச் செய்து, உள்ளே வைத்து, முட்டையிட்டு மூடிவிடும். பொரிக்கிற குஞ்சு அதைத் தின்று வளரும். குருவின் கருணைக்கு இதை உவமை சொன்ன பெரியவர்கள் ஒருக்கா கூட்டை உடைச்சுப் பார்த்திருந்தால் உவமையை மாத்தியிருப்பினம்.

இரண்டாவது, தாழ்வாரத்தில் கவிழ்த்த குடைபோலச் சின்னக் கூடு தொங்கவிடும் மெலிந்த குளவி. அறைகள் வெளியே தெரியும். கை வைக்காவிட்டால் பெரும்பாலும் தன் பாட்டில் இருக்கும்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. கறுத்த தடித்த உடம்பு, வயிற்றின் முன்பாதியில் செம்மஞ்சள் பட்டை. வெஸ்பா அஃபினிஸ், வெஸ்பா ட்ரோபிகா என்று இரண்டு இனம் இலங்கையில் உண்டு. மரத்தை மென்று கூழாக்கிக் கடதாசி மாதிரிக் கூடு கட்டும். மரத்தில் தொங்கும் கூட்டைப் பார்த்தால் உள்ளறைகள் தெரியாது, மூடின பந்து மாதிரி இருக்கும். தமிழ்நாட்டில் இதற்குக் கதண்டு, கடந்தை என்று தனிப்பேர் உண்டு. எங்கட பேச்சில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. இதிலும் ஒரு வேடிக்கை: ட்ரோபிகா, மேலே சொன்ன சின்னக் குளவியின் கூட்டுக்குள் புகுந்து குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போகும்.

நாலாவது குளவியே இல்லை. மலைத்தேனீ. உயர்ந்த மரத்திலும் பாறையிலும் ஒற்றை அடையாகத் திறந்தபடி தொங்கும். சிங்களத்தில் குளவிக்கு தெபர, இதற்கு பம்பர என்று வேறுவேறு சொல். நாங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். சிகிரியாவில் சத்தம் போட்டால் குளவி தாக்கும் என்று எச்சரிக்கிறார்களே, அங்கே பாறையில் தொங்குவது இந்தத் தேனீதான். மலையகத்தில் கொழுந்து பறிக்கிற பெண்கள் "குளவிக் கொட்டுக்கு இலக்காகி" வைத்தியசாலையில் என்று அடிக்கடி செய்தி வருகிறது. உயிர்களும் போயிருக்கின்றன. அவற்றில் பலவற்றிலும் கொட்டியது மலைத்தேனீயே. பேர் பிழைத்தால் தடுப்பும் பிழைக்கும். மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். எந்த மரத்தில் அடை தொங்குகிறது என்று பார்த்துவிட்டு அந்த மலையில் அன்றைக்கு வேலையை நிறுத்தலாம். அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. "குளவி கொட்டிட்டுது" என்று எழுதினால் அது வெறும் விதியாகிப் போகிறது.

அரியாலைக்கு வருவோம். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு திரும்பாத வீடுகளும், சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிற வளவுகளும் இன்னும் பற்றையாய்க் கிடக்கின்றன. கூடு பெருக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கனடாவில் இருக்கிறவர் கோயில் திருவிழாவுக்குக் காசு அனுப்புகிறார், நல்லது. வருசத்துக்கு இரண்டு தரம் வளவு துப்புரவாக்கவும் கொஞ்சம் அனுப்பினால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போகும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தாய்க்குளவி தனியாகக் கட்டத் தொடங்குகிற நாட்களில் கூடு உள்ளங்கைக்குள் அடங்கும். அது வெளியே போனதும் தட்டிவிட்டால் முடிந்தது. ஆகவே மாதம் ஒருக்கா தாழ்வாரத்தையும் மோட்டையும் நிமிர்ந்து பாருங்கோ. பெருத்துவிட்டால் கிட்டப் போகாதேங்கோ. இரவில் சும்மா இருக்கும் எண்டது அரைவாசிதான் உண்மை. ரோர்ச் வெளிச்சத்துக்கே பறந்து வரும். கலைத்தால் கையை வீசாமல் ஓடி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கோ.

கொட்டினால் மோதிரம், காப்பைக் கழற்றுங்கோ, வீங்கின பிறகு கழராது. ஐஸ் வையுங்கோ. தேனீ எண்டால் முள் தோலில் நிற்கும், உடனே சுரண்டி எடுக்கவேணும். குளவி முள்ளை விடாது, அதனால்தான் ஒன்றே பலதரம் கொட்டும். சுண்ணாம்பு பூசுவது ஆறுதலுக்கு நல்லது, ஆனால் முகம் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுத்தினால் சுண்ணாம்பு தேடி நேரம் போக்காமல் 1990க்கு அடியுங்கோ. அந்த நேரம் உயிரைக் காக்கிறது அட்ரினலின் ஊசி. கன இடத்தில் கொட்டியிருந்தால் நோ குறைஞ்சாலும் வைத்தியசாலைக்குப் போகவேணும். நஞ்சு தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பிறகு தாக்கலாம். சிறுநீர் கறுத்துப் போனால் அதுதான் அறிகுறி.

பெரிய கூட்டை அகற்றுவது பெடியளின் வீரத்துக்கு விடுகிற வேலை இல்லை. தமிழ்நாட்டில் கதண்டுக் கூட்டுக்குத் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போகிறது. இங்கே உள்ளூராட்சி சபை ஒவ்வொன்றிலும் இரண்டு பாதுகாப்பு உடுப்பும் பழக்கின இரண்டு பேரும் இருந்தால் போதும். அடுத்த முறை வாக்குக் கேட்டு ஒழுங்கைக்குள் வருகிறவரிடம் வீதி விளக்கோடு சேர்த்து இதையும் கேட்கலாம்.