கையெழுத்து இருக்கிறது, சம்மதம் எங்கே?

தூத்துக்குடிக் கடற்கரையில் கணவர் பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கும் தங்குகடலுக்குப் போயிருக்கும்போது மனைவிக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவது புதிதல்ல. அப்போது, "கையெழுத்துப் போட யார் வந்திருக்கிறார்கள்?" என்ற கேள்வி எழுகிறது. படுக்கையில் நினைவோடு இருப்பவரை விட்டுவிட்டு வராந்தாவில் நிற்கும் உறவினரிடம் படிவம் நீட்டப்படுகிறது. இது வசதிக்காக வந்த வழக்கம், சட்டம் அல்ல.

டில்லியில் 1995இல் 44 வயதுப் பெண் ஒருவர் பரிசோதனைக்கான லேப்பராஸ்கோப்பிக்கு மட்டும் ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் ஒப்புதல் பெற்றுக் கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. சமீரா கோலி வழக்கு எனப்படும் அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பளித்தது. வயது வந்த, முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளிக்காகப் பெற்ற தாயும் ஒப்புதல் தர இயலாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. உயிரையோ உடல்நலத்தையோ காக்கத் தாமதிக்க முடியாத அவசரம் மட்டுமே விதிவிலக்கு. சிகிச்சையின் தன்மை, பலன், மாற்று வழி, முக்கிய அபாயங்கள், மறுத்தால் நேரக்கூடியது ஆகியவற்றைச் சொன்ன பிறகு பெறுவதே சம்மதம்.

தீர்ப்பு வந்தும் வழக்கம் மாறவில்லை. 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதியே அறுவைக்கான ஒப்புதலை, கணவன் அல்லது மனைவி, சிறாராயின் பெற்றோர், அல்லது நோயாளி என்று வரிசைப்படுத்தியது. யாருடைய உடலோ அவர் கடைசியில் நிற்கிறார்.

கருக்கலைப்பிலும் இதே குழப்பம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பிய, மனநலமுள்ள பெண்ணின் ஒப்புதலே போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

புறநோயாளிப் பிரிவின் நெரிசல் மருத்துவர்களின் குற்றம் அல்ல. ஆனால், உப்பளத் தொழிலாளியிடம் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவதற்கு நெரிசல் காரணமாகாது. அங்கே கையெழுத்து இருக்கிறது, சம்மதம் இல்லை.

மருத்துவமனைகளுக்கு உரிமம் தரும் அதிகார அமைப்பும், மருத்துவர்களின் தொழிலொழுக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்பும் இதைச் சரிசெய்யும் பொறுப்புடையவை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். அவசரமற்ற அறுவைக்கு முந்தைய நாளே விளக்கம் தரப்பட வேண்டும். விளக்கியவர் யார், எந்த மொழியில், எப்போது என்பது கேஸ் ஷீட்டில் பதிவாக வேண்டும். மறுத்தவரின் மறுப்பும் பதிவாக வேண்டும்; அதற்காக மற்ற சிகிச்சைகள் நிற்கக் கூடாது. ஆய்வுக்குச் செல்வோர் கோப்பை மூடிவிட்டு வார்டுக்குள் நடந்து, "உங்களுக்கு என்ன ஆபரேஷன் செய்யப் போகிறார்கள்?" என்று நோயாளியிடமே கேட்க வேண்டும்.