தொட்டிக்குள் பெருகும் பவளம்



பவளத்தைக் கல் என்றும் செடி என்றும் எண்ணுவோர் அநேகர். உண்மையில் அது ஜீவனுள்ள சிற்றுயிர்களின் கூட்டம். 'பாலிப்' எனப்படும் இவ்வுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தங்களுக்கு வீடு கட்டுகின்றன. அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெளிச்சத்தினால் ஆகாரம் உண்டாக்கி, இடங்கொடுத்த உயிருக்கும் பகிர்ந்தளிக்கின்றன.

மேலைநாடுகளில் பலர் வீட்டிலேயே கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்க்கிறார்கள். அது இரண்டு விதமாய்ப் பெருகும். முதலாவது, பிரிந்து பெருகுதல். ஒரு பாலிப்பிலிருந்து மற்றொன்று அரும்பும். முறிந்த கிளையைக் கல்லில் ஒட்டிவைத்தால், அது பற்றிக்கொண்டு தழைக்கும். கிளைப் பவளங்களில் சில ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் நீளும். உருண்டைப் பவளமோ சுமார் 1 சென்டிமீட்டரே வளரும். அதற்கும் நீரின் வெப்பம் 25 டிகிரி அளவிலும், உப்பு லிட்டருக்கு 35 கிராம் அளவிலும் மாறாதிருக்க வேண்டும். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற காரியம் அல்ல இது.

இவ்வாறு பிரிந்தவை யாவும் ஒரே உயிரின் நகல்களே. ஒன்றை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்தக்கூடும். ஆகையால் முட்டையும் விந்தும் கூடிப் புதிய உயிர் பிறக்கும் இரண்டாவது வழியும் அவசியம். கடலிலே பல இனங்கள் முழுநிலவுக்குப் பிந்திய சில இரவுகளில் ஒருமித்து இவற்றை நீரில் விடுகின்றன. தொட்டியில் இது அரிது. லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் ஜேமி கிராக்ஸ் குழுவினர், பருவகால வெப்பத்தையும் பகலின் நீளத்தையும் நிலவொளியையும் தொட்டிக்குள் உண்டாக்கி, அக்ரோபோரா பவளங்களை முட்டையிடச் செய்த முறையை 2017-இல் வெளியிட்டனர். கடல் வெப்பத்தால் வெளுத்து மடியும் பவளப்பாறைகளை மீட்கும் முயற்சிக்கு இத்தகைய ஆய்வு துணையாகிறது.

பட்டணத்தில் குடியேறி வாழும் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிப்பு. நம் தேசத்தில் பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் வியாபாரம் செய்வதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காய்ந்த துண்டுக்கும் இதே சட்டந்தான். "தொட்டியில் பிறந்தது" என்று கடைக்காரர் சொன்னாலும் நம்பி வாங்காதிருங்கள்.

பிள்ளைகளுக்கு உயிருள்ள பவளத்தைக் காட்ட விரும்புகிறீர்களா? குஜராத்தில் ஜாம்நகருக்கு அருகே நராரா கடற்கரையில், நீர் வற்றும் வேளையில், வனத்துறையின் அனுமதியோடு நடந்தே சென்று காணலாம். மிதியாமலும் தொடாமலும் பார்த்து மகிழுங்கள். அடுத்த தலைமுறையும் அதைக் காணட்டும்.